மூளைக் கட்டியின் வீரியத்தை அறிய இத்தனை ஸ்கேன்கள் தேவையா? ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை ஏற்பது?

கேள்வி: அல்சூர் ஏரிக்கரை

அன்பர்களுக்கு வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். கணக்கு எழுதுவது என் தொழில்; மருத்துவம் படித்தவன் அல்லன். என் அக்காவின் கணவருக்கு 41 வயது. ஐந்து வாரங்களுக்கு முன் விடியற்காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பிய மாமா, வாசற்படியில் கால் வைத்த நொடியில் வலது கை வெட்டிவெட்டி இழுக்க, நினைவிழந்து சரிந்தார். அன்றே அவசரப் பிரிவில் சிடி ஸ்கேனும், மறுநாள் சாய மருந்து ஏற்றி எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுத்தார்கள். இடது முன்மடலில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பதாகவும், அது சாயத்தை ஏற்கவில்லை என்றும், ஆகவே மூளையின் துணை அணுக்களில் தோன்றும் க்ளையோமா என்ற கட்டியில் வீரியம் குறைந்த வகையாக இருக்கலாம் என்றும் அறிக்கை வந்தது. நாங்களும் சற்று மூச்சு விட்டோம்.

அடுத்த பத்து நாட்களில் வேறொரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ கருவியிலேயே பெர்ஃபியூஷன் (இரத்த ஓட்டத்தை அளப்பது), ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி (கோலின், என்ஏஏ போன்ற வேதிப்பொருள்களை அளப்பது) என்று மேலும் இரண்டு எடுக்கச் சொன்னார்கள். கட்டியின் பின்னோரத்தில் ஓரிடத்தில் மட்டும் இரத்தக் கனஅளவு மறுபக்க மூளையைவிட 2.4 மடங்கு உள்ளது, கோலின் கூடியிருக்கிறது, என்ஏஏ குறைந்திருக்கிறது, எனவே வீரியம் மிக்க கட்டி என்பதை மறுக்க இயலாது என்று அந்த அறிக்கை சொல்கிறது. இப்போது அறுவை சிகிச்சை மருத்துவர், அமினோ அமில பெட் ஸ்கேன் ஒன்றையும் எடுத்துவிட்டு அதன் பிறகு திசு எடுக்கலாம் என்கிறார்.

எப்படியும் திசுவை எடுத்துப் பார்க்கத்தானே போகிறார்கள், அதற்கு முன் ஸ்கேன் மேல் ஸ்கேன் எதற்கு என்று அக்கா கேட்கிறாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே கட்டியை ஒரு படம் சாது என்றும் இன்னொன்று மூர்க்கம் என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று தவறாகத்தானே இருக்க வேண்டும்? நான்கு சோதனைகளைச் சேர்த்தால் நம்பகம் நான்கு மடங்கு கூடுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கதிரியல் மேசை

ஐயா, இந்நகரிலேயே கதிரியல் துறையில் பணிபுரிகிறேன். படங்களைப் பார்க்காமல் உங்கள் மாமாவுக்கு என்ன கட்டி என்று சொல்வது முறையாகாது. அந்த அறிக்கைகளை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு அறிக்கைகளும் சரியாகவே இருக்கலாம், ஏனெனில் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதல் எம்ஆர்ஐயில் ஏற்றிய கடோலினியம் சாயம், மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தடுப்பு உடைந்த இடத்தில்தான் வெளியே கசிந்து வெள்ளையாகத் தெரியும். தடுப்பு உடைந்திருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. வீரியத்தை அதிலிருந்து நாம் ஊகிக்கிறோம், அவ்வளவே. சிறுவர்களுக்கு வரும் பைலோசிட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, 1 முதல் 4 வரையான வீரியத் தரவரிசையில் மிகக் கீழே, கிரேடு 1 இல் இருப்பது, சாயத்தை ஏற்றுப் பளிச்சென்று மின்னும். மாறாக, சாயமே ஏற்காத கட்டிகள் சில அறுத்துப் பார்க்கும்போது கிரேடு 3 ஆக இருந்து எங்களைத் தலைகுனிய வைத்திருக்கின்றன. சாயம் ஏற்கவில்லை என்ற ஒரு வரியை வைத்து நிம்மதி அடைவது அவசரம். நீங்கள் அடைந்ததை நான் குறை சொல்லவில்லை, யாரும் அடைவார்கள்.

பெர்ஃபியூஷனில் அதே சாயத்தை ஊசிவழியே நொடிக்கு நான்கைந்து மில்லிலிட்டர் வேகத்தில் செலுத்தி, ஏறத்தாழ ஒன்றரை நொடிக்கு ஒரு முறை மூளை முழுவதையும் படமெடுப்போம். சாயம் குழாய்களுக்குள் நுழையும்போது அவ்விடத்தின் ஒளிர்வு பள்ளமாக விழுந்து, சாயம் கடந்ததும் மீண்டும் ஏறும். அந்தப் பள்ளத்தின் பரப்பே இரத்தக் கனஅளவு. வேகமாக வளரும் கட்டி புதுப்புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்வதால் பள்ளம் ஆழமாகும். எலும்புக்கு அருகிலும், பழைய இரத்தக்கசிவோ சுண்ணாம்புப் படிவோ உள்ள இடத்திலும் இந்தக் கணக்கு பிசகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி படமே அன்று, ஒரு வரைகோடு. உங்கள் அறிக்கையின் கடைசித் தாளில் அது இருக்கும், எடுத்துப் பாருங்கள். நல்ல மூளைத் திசுவில் இடமிருந்து வலமாகக் கோலின், கிரியேட்டின், என்ஏஏ என்ற மூன்று முகடுகள் படிப்படியாக உயர்ந்து, அவற்றின் உச்சிகளைத் தொடும்படி அடிக்கோலை வைத்தால் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் மேலே ஏறும். என்ஏஏ நரம்பணுக்களின் அடையாளம். கோலின், அணுக்களின் சவ்வு கட்டப்பட்டும் சிதைந்தும் வரும் வேகத்தின் அடையாளம். க்ளையோமாவில் கோலின் ஓங்கி என்ஏஏ தேய்வதால் அந்தக் கோல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் மாணவர்கள் எண்களைப் பார்ப்பதற்கு முன் பேனாவை வைத்து இந்தச் சாய்வைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கே வருவோம். 2003 இல் நியூயார்க்கில் 160 க்ளையோமா நோயாளிகளிடம் இந்தச் சோதனைகளை ஒப்பிட்டார்கள். அவர்களில் 120 பேருக்கு வீரியம் மிக்க கட்டி, 40 பேருக்கு வீரியம் குறைந்தது. வழக்கமான எம்ஆர்ஐ மட்டும் 120 இல் 87 ஐப் பிடித்தது. இரத்தக் கனஅளவு 1.75 மடங்கு என்பதை எல்லைக்கோடாக வைத்தபோது 114 பிடிபட்டன. ஆனால் அதே கோடு, சாதுவான 40 கட்டிகளில் 17 ஐயும் மூர்க்கமானவை என்று தவறாகக் குற்றஞ்சாட்டியது. பெர்ஃபியூஷனையும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியையும் சேர்த்தபோது 112 பிடிபட்டன; தவறான குற்றச்சாட்டு 17 இலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஒன்றே ஒன்று! ஆகவே நான்கைச் சேர்த்தால் நான்கு மடங்கு நம்பகம் என்பது கிடையவே கிடையாது.

பின் எதற்குச் சேர்க்கிறோம் என்றால், எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதற்காக. ஒரே கட்டிக்குள் கிரேடு 2 உம் கிரேடு 3 உம் அடுத்தடுத்து இருக்கும். ஊசி எடுத்துவரும் திசுவோ நூல்போல மெலிந்தது, ஒரு சென்டிமீட்டர் நீளமிருந்தால் அதிகம். நான்கு சென்டிமீட்டர் கட்டியில் சாதுவான ஓரத்தில் ஊசி இறங்கினால், நோய்க்குறியியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டில் உள்ளதை உள்ளபடி படித்து கிரேடு 2 என்று எழுதுவார். அறிக்கையில் பிழையிராது, ஆனால் நோயாளிக்கு அது பொய். உங்கள் அக்காவின் கேள்விக்கு இதுதான் என் பதில்: எப்படியும் திசு எடுக்கப் போவதால்தான், எங்கிருந்து எடுப்பது என்று இத்தனை பாடுபடுகிறார்கள்.

ஒரு கேள்வி. முதல் நாள் சிடி ஸ்கேன் அறிக்கையில் சுண்ணாம்புப் படிவு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? எம்ஆர்ஐ வந்ததும் சிடியை மூலையில் போட்டுவிடும் பழக்கம் எங்களுக்கே உண்டு, அதனால் கேட்கிறேன்.

பதில் 2: அணுமருந்தகம்

மேலே எழுதியவருடன் உடன்படுகிறேன். பெட் ஸ்கேன் பற்றி மட்டும் சேர்க்கிறேன். அதை எடுக்கும் பக்கத்தில் நிற்பவள் நான்.

புற்றுநோய்க்குப் பரவலாக எடுக்கப்படும் பெட், கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைக் கொண்டு எடுப்பது. மூளை உடல் எடையில் 2 விழுக்காடே இருந்தும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவழிப்பதால், அந்தப் படத்தில் நல்ல மூளையே அடுப்புப்போல எரியும். கட்டியை அதற்குள் தேடுவது பகலில் விளக்கைத் தேடுவதுதான். அமினோ அமிலத்தை நல்ல மூளை அவ்வளவாக ஏற்காது, க்ளையோமா ஏற்கும். எனவேதான் உங்கள் மருத்துவர் பெயர் குறிப்பிட்டு அமினோ அமில பெட் கேட்கிறார். அறை முன்பதிவு செய்யும்போது வழக்கமான சர்க்கரை பெட் எடுத்து அனுப்பிவிடாமல், மருந்தின் பெயரை ஒரு முறைக்கு இருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருந்துகளில் கார்பன்-11 ஏற்றிய மெத்தியோனின் பழையது, நல்லது. ஆனால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் கரையும். அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் கருவி உள்ள வளாகத்திலேயே எடுத்தால் உண்டு. நம்மூர் நெரிசலில் சில்க் போர்டு சந்திப்பைக் கடப்பதற்குள் அது தீர்ந்துவிடும். ஃப்ளூரின்-18 ஏற்றிய எஃப்இடி, எஃப்டோபா போன்றவற்றுக்கு ஏறக்குறைய 110 நிமிட அரைவாழ்வு இருப்பதால் வண்டியில் கொண்டுவர முடிகிறது. மருந்து வரும் நேரத்தைப் பொறுத்து உங்களை நாள் மாற்றிக் கூப்பிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

எஃப்இடியில் இன்னொரு வசதி, மருந்து ஏறுவதையும் இறங்குவதையும் சுமார் 40 நிமிடம் தொடர்ந்து பார்க்கலாம். வீரியம் மிக்க கட்டிகளில் முதல் 20 நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும் கோடும், குறைந்தவற்றில் கடைசிவரை மெல்ல ஏறிக்கொண்டே போகும் கோடும் மிகுதியாகக் காணப்படும். நிறத்தின் அடர்த்தியைவிடக் கோட்டின் வடிவமே எனக்குப் பெரிதாகப் படும். அதற்கு நோயாளி தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தவறவிட்டு வரக் கூடாது.

மேலுள்ள 2003 கணக்கோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்கலாம். 2005 இல் ஜெர்மனியில், படத்தில் குறித்த இடங்களிலிருந்தே திசு எடுத்துச் சரிபார்த்தார்கள். எம்ஆர்ஐ மட்டும் கட்டித் திசுவை 96 விழுக்காடு உணர்ந்தது, ஆனால் கட்டியில்லாத இடத்தைக் கட்டியில்லை என்று சொன்னது 53 விழுக்காடுதான். எஃப்இடியையும் சேர்த்தபோது அவை முறையே 93, 94 ஆயின. கேள்வி கிரேடு அன்று, கட்டி எங்கே இருக்கிறது என்பது. அங்கே சேர்ப்பதன் பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

பெட்டில் ஒன்றும் எரியவில்லை என்றால் கட்டி நல்லது என்று கொள்ளக் கூடாது. மருந்தை ஏற்காத க்ளையோமாக்கள் உண்டு.

அல்சூர் ஏரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. அடிக்கோலை வைத்துப் பார்த்தேன் ஐயா. கட்டிக்குள் எடுத்த கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிறது. மறுபக்க மூளையில் எடுத்தது நீங்கள் சொன்னபடியே ஏறுகிறது. அக்காவிடம் காட்டினேன், அவளும் கோலை வைத்துப் பார்த்தாள்.

சிடி அறிக்கையைத் தேடி எடுத்தேன். மூன்றாவது வரியில், கட்டியின் பின்னோரத்தில் சிறு சுண்ணாம்புப் படிவுகள் உள்ளன என்று இருக்கிறது. இதை எந்த மருத்துவரும் எங்களிடம் பேசவில்லை. பெர்ஃபியூஷனில் 2.4 மடங்கு என்று சொன்னதும் பின்னோரம்தான். இது கெட்ட செய்தியா?

பதில் 3: நுண்ணோக்கி

நான் நோய்க்குறியியல் பிரிவில் இருப்பவன். கதிரியல் மேசை குறிப்பிட்ட கண்ணாடித் தகடு என் மேசைக்குத்தான் வரும். அதனால் சற்று விரிவாக எழுத உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

முன்மடல், மூளையின் மேற்பட்டையை ஒட்டிய இடம், வலிப்போடு வெளிப்பட்டது, சுண்ணாம்புப் படிவு: இவை ஒன்றாக வந்தால் ஆலிகோடென்ட்ரோக்ளையோமா என்ற வகை மனத்தில் எழ வேண்டும். அந்த வகையின் குணம், கிரேடு 2 இல் இருக்கும்போதே கோழிக்கூண்டுக் கம்பிவலை போன்ற மெல்லிய குழாய்கள் நிறைந்திருப்பது. நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அந்த வலை மறக்காது. ஆகவே அதன் இரத்தக் கனஅளவு வீரியம் இல்லாமலேயே உயர்ந்து நிற்கும். அமினோ அமிலத்தையும் அது தாராளமாக ஏற்கும். 2.4 என்ற எண் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற இன்னொரு க்ளையோமா வகையில் அச்சமூட்டுவது, ஆலிகோவில் அவ்வளவு பொருளுடையதன்று. போதாக்குறைக்கு, சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் பெர்ஃபியூஷன் கணக்கு பிசகும் என்று மேலேயே எழுதியிருக்கிறார்கள். எனவே நீங்கள் மூலையிலிருந்து எடுத்த சிடி, பின்னால் எடுத்த இரண்டு படங்களைப் படிக்கும் முறையையே மாற்றக்கூடியது. உங்கள் மாமாவுக்கு ஆலிகோதான் என்று நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அந்த மூன்றாவது வரியைக் கட்டாயம் காட்டுங்கள்.

கதிரியல் மேசையுடன் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். 2003 கணக்கைச் சொல்லும்போது, அந்த 120 ஐயும் 40 ஐயும் பிரித்தது அன்றைய நுண்ணோக்கிதான் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். க்ளையோமாக்களில் ஐடிஹெச் மரபணு மாற்றம் இருப்பதே 2008 இல்தான் தெரிய வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் கிரேடு என்பது அணுக்களின் தோற்றத்தால் மட்டும் முடிவாவதில்லை. ஐடிஹெச் மாற்றம் உள்ள ஆஸ்ட்ரோசைட்டோமாவில் சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவின் இரு பிரதிகளும் இழக்கப்பட்டிருந்தால், நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரிந்தாலும் அது கிரேடு 4. ஐடிஹெச் மாற்றம் இல்லாமல், பெரியவர்களிடம், டெர்ட் மரபணுவின் முன்பகுதியில் மாற்றம் போன்ற சில அடையாளங்கள் இருந்தால் அதுவும் கிரேடு 4, க்ளையோபிளாஸ்டோமா எனப்படும் வகை. 1பி, 19க்யூ என்ற இரு குரோமோசோம் கைகளும் சேர்ந்து இழக்கப்பட்டு, ஐடிஹெச் மாற்றமும் இருந்தால்தான் ஆலிகோ என்று நான் கையெழுத்திடுவேன். எந்தப் படத்தோடு எந்தப் படத்தைச் சேர்த்தாலும் இந்த மரபணு அடையாளங்களைப் படம் முழுமையாகச் சொல்லிவிடாது.

படம் சில குறிப்புகளைத் தரும் என்பதையும் மறுப்பதற்கில்லை. எம்ஆர்ஐயில் டி2, ஃப்ளேர் என்று இருவகைப் படங்கள் உண்டு. டி2 படத்தில் கட்டி முழுதும் சீராக வெண்மையாகவும், ஃப்ளேர் படத்தில் விளிம்பு மட்டும் வெண்மையாக நின்று உள்ளே கறுத்தும் தெரிந்தால், அதை டி2-ஃப்ளேர் பொருந்தாமை என்பார்கள். 2017 இல் இதை விவரித்த ஆய்வில், இக்குறி இருந்தவை எல்லாமே ஐடிஹெச் மாற்றமுள்ள, 1பி/19க்யூ இழக்காத ஆஸ்ட்ரோசைட்டோமாக்களாக இருந்தன. பின்னர் விதிவிலக்குகளும் வந்தன. அக்குறி இல்லாததால் மட்டும் எதையும் தள்ளிவிட முடியாது. ஐடிஹெச் மாறிய கட்டியில் சேரும் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற வேதிப்பொருளை ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியிலேயே காண முடியும் என்று 2012 இல் காட்டினார்கள். அதற்குத் தனி அமைப்பு வேண்டும். உங்கள் தாளில் உள்ள சாதாரண வரைகோட்டில் அதைத் தேடாதீர்கள்.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. உங்கள் மாமாவுக்குக் கட்டியை முடிந்தவரை எடுக்கும் அறுவை சிகிச்சையே திட்டம் என்றால், பின்னோரத்தில் குறித்த அந்த இடத்துத் திசுவைத் தனிக் குப்பியில் போட்டு, எந்த இடம் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கொட்டி அனுப்பினால், மூன்று படங்கள் சேர்ந்து காட்டிய இடம் எது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்படி வந்த குப்பிகளோடு நான் பட்ட பாடு தனிக்கதை.

கதிரியல் மேசை

நுண்ணோக்கி சொன்ன திருத்தம் நியாயமானது, ஏற்கிறேன். சுண்ணாம்பைப் பற்றி நான் கேட்டதும் ஆலிகோவை மனத்தில் வைத்துத்தான்.

ஏரிக்கரை ஐயாவுக்கு இன்னும் ஒன்று. இந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தித்தான் சேர்த்துப் படிக்க முடியும். எம்ஆர்ஐயின் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பெட்டில் நான்கைந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கம் கலங்கிவிடும். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியின் கட்டமோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம், அதற்குள் உள்ளதெல்லாம் சராசரியாகிவிடும். மூன்று இடங்களில், மூன்று நாட்களில் எடுத்தவற்றைப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துச் சேர்க்க இயலாது. ஒவ்வோர் இடத்திலும் டைகாம் எனப்படும் கணினிப் படக்கோப்புகள் உள்ள குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள். பெர்ஃபியூஷனின் மூலக் கோப்புகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள், வண்ணப் படத்தை மட்டும் பதிந்து கொடுத்துவிடுவது வழக்கம். நம்மூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை போன்ற சில இடங்களில் பெட்டும் எம்ஆர்ஐயும் ஒரே கருவியில் ஒரே சமயத்தில் எடுக்கும் வசதி உண்டு. கிடைத்தால் பொருத்தும் வேலை எளிதாகும். கிடைக்காவிட்டாலும் கோப்புகள் கையிலிருந்தால் மென்பொருளில் பொருத்திக்கொள்ளலாம்.

அல்சூர் ஏரிக்கரை

நேற்று மருத்துவரைப் பார்த்தோம். சிடியின் மூன்றாவது வரியைக் காட்டியதும் அவர் சற்று நேரம் பேசாமல், பழைய தட்டைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தார். பெட் எடுப்பதில் மாற்றமில்லை, ஆனால் ஊசியால் மட்டும் திசு எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, நேரடியாக அறுவை சிகிச்சைக்கே போகலாம் என்றார். தனிக் குப்பியைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். இரண்டு குப்பிகளாக அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். பெர்ஃபியூஷன் எடுத்த இடத்தில் மூலக் கோப்புகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். மாமாவிடம் அடிக்கோல் விஷயத்தைச் சொன்னேன். தன் தலைக்குள் இருப்பதை என்னைப் போல் கணக்கர் ஒருவர் அளந்து பார்ப்பார் என்று நினைக்கவில்லை என்றார்.